சப்பரத்துக்கு முன்னே போகும் கார்

எங்கள் தெருவின் சந்தியாகப்பர் திருவிழா இந்த ஆண்டு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. முடிந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளாக நான் நன்றாகத் தூங்குகிறேன். அதற்கு முந்தைய ஒரு வருடம் எப்படிப் போனது என்பது என் மனைவி பிலோமிக்கு மட்டுமே தெரியும்.

தெருவிலிருக்கும் சிறு கோவிலான குருசடியிலிருந்து சப்பரம் புறப்படும்போது அதற்கு முன்னால் ஒரு வண்டி போவது எங்கள் ஊர் வழக்கம். செபமாலை சொல்பவர் அந்த வண்டியில் மைக்கோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு செபத்திலும் அவர் முன்பாதியைச் சொல்ல, பின்னால் நடந்துவரும் ஊர் பின்பாதியைச் சொல்லும். அந்த வண்டி எங்கள் வீட்டு வண்டி. என் தாத்தா கொழும்பிலிருந்து குழாய் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிவந்து கட்டைவண்டியில் கட்டியதில் அது தொடங்கியது. பிறகு அப்பாவின் ஜீப். இப்போது என் கார். இதற்காக யாரும் எங்களுக்கு ஒன்றும் தருவதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சந்தியாகப்பருக்கு முன்னால் எங்கள் மிராண்டா வீட்டு வண்டி போகும். போன வருடம் வரைக்கும் அதை இந்தத் தெருவில் ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

போன வருடம் கூட்டம் தெரு கொள்ளவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் மெல்வின் சிங்கப்பூரிலிருந்து பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் அனுப்பியிருந்தான். பழைய குழாய்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதியதைக் கார் பேட்டரியிலேயே நேராக மாட்டிக்கொண்டு கிளம்பினோம். செபங்களுக்கு நடுவில் பாட்டு ஒலிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் காரின் முன்விளக்கு மங்கி மங்கி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் கரகரத்தது. ஜாய்சன் வீட்டு வாசலுக்கு நேரே மைக் நின்றது, விளக்கு நின்றது, இன்ஜினும் நின்றது.

ஜாய்சன் எங்கள் தெருக்காரன்தான். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். ஜெனரேட்டரோடு சேர்ந்த மினி லாரி ஒன்று புதிதாக வாங்கியிருந்தான்.

"தண்டல் மாமா, கயிறு கொண்டாரட்டா? கட்டி இழுத்துருவோம்" என்று மாடியிலிருந்து கேட்டான்.

சப்பரம் நடுத்தெருவில் காத்து நிற்க, ஆறு பேர் என் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருடம் மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டல் நான். சிமெண்டும் வெங்காயமும் ஏற்றிப்போய், எந்தக் காற்றிலும் திரும்பி வந்திருக்கிறேன். ஒருதடவைகூட என் தோணியை இன்னொருவன் இழுத்துக் கரை சேர்த்ததில்லை.

இந்த வருடம் கொடியேறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஊர்க் கமிட்டித் தலைவர் தேவதாசன் வீட்டுக்கு வந்தார். என் வயதுக்காரர்தான். காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விக்டரு, தப்பா நினைக்காத. திருவிழாவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் குருசடி முன்னால ஒன் வண்டியை ஒன்றரை மணி நேரம் ஓட விட்டுப் பாப்போம். நிக்காம ஓடுச்சுன்னா ஒன் வண்டிதான். நின்னுச்சுன்னா இந்த வருசத்துல இருந்து ஜாய்சன் லாரி முன்னால போவட்டும்னு கமிட்டியில சொல்லுதாங்க."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாவது மைல் என்ற இடத்துக்குப் பக்கத்தில் மாரிராஜ் என்று ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கிறான். ஓட்டப்பிடாரத்துக்காரன், வெளியூர். துறைமுகத்துக்கு வரும் டிரெய்லர் லாரிகளுக்கெல்லாம் வயரிங் வேலை அவன்தான் பார்க்கிறான். அவனிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தான். பானட்டைத் திறந்து பார்த்தான். சிரித்தான்.

"என்னலே சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒரு கிணத்துல நாலு மோட்டார் போட்டா தண்ணி எங்கன இருந்து வரும்? ஒங்க காரு ஆல்டர்னேட்டர் குடுக்கது அறுபத்தஞ்சு ஆம்பியரு. அதுல பாதி லைட்டுக்கும் ஏசிக்கும் இன்ஜினுக்குமே போயிரும். இந்தப் பெட்டி முழுச் சத்தத்துல நூத்தம்பது கேக்கும். பேட்டரியில இருந்து உறிஞ்சி உறிஞ்சி, அது செத்ததும் எல்லாம் நின்னுருக்கு."

"என்ன செய்யணும்?"

"கிணத்தப் பெருசாக்கணும். தொட்டி ஒண்ணு கட்டணும். குழாயையும் மாத்தணும்."

மூன்று நாள் என் வீட்டு முற்றத்திலேயே வேலை பார்த்தான். பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, மூன்று மடங்கு கொடுக்கும் புதியதை மாட்டினான். பின்பக்கம் இரண்டாவது பேட்டரி ஒன்றை இரும்புச் சட்டத்தில் அசையாமல் உட்கார வைத்தான். அதுதான் அவன் சொன்ன தொட்டி. ஆம்ப்ளிஃபயர் அதிலிருந்து குடிக்கும். முன்னாலிருந்து ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் கட்டைவிரல் பருமனில் செம்புக் கேபிள் இழுத்தான். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ் வைத்தான். கேபிள் எங்காவது உரசினால் கார் தீப்பிடிக்காமல் இருக்க அது என்றான். வேலை சுத்தமாக இருந்தது. தோணியில் கயிறு கட்டுகிறவன்கூட அப்படிக் கட்டமாட்டான்.

கடைசியாகக் காருக்கு அடியில் படுத்து, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டினான். இரும்பு வெள்ளியாய் மின்னியது. பின் பேட்டரியின் கறுப்புக் கேபிளை அதில் போல்ட் வைத்து முறுக்கினான்.

"எர்த்து" என்றான். "மேல கிரீஸ் தடவணும், கொண்டாரல. நாளைக்கு வந்து தடவிருதேன்."

அன்றைக்குச் சத்தம் போட்டுப் பார்த்தோம். விளக்கு ஒரு துளி மங்கவில்லை. பிலோமி சமையல் கட்டிலிருந்து, "பாத்திரமெல்லாம் ஆடுது, நிறுத்துங்க" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மாரிராஜ் வரவில்லை. துறைமுகச் சாலையில் லாரி ஒன்று நின்றுவிட்டதாம், போனில் சொன்னான். காலையில் குனிந்து பார்த்தேன். சுரண்டிய இடத்தின் ஓரத்தில் மஞ்சளாகத் துரு பூக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் கரையில் ஒரு ராத்திரி போதும். உப்புக்காற்று ஆணியைத் தின்னும், சன்னல் கம்பியைத் தின்னும், பூட்டுக்குள் புகுந்து சாவியைத் தின்னும். என் காருக்குப் பதினோரு வயது. ஒரு புள்ளித் துரு கிடையாது. கடலில் இருந்த பழக்கம் அது. இரும்பை நிர்வாணமாக விடக்கூடாது.

ஸ்பேனரை எடுத்தேன். போல்ட்டைக் கழற்றினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, இரும்பின் மேலும் கேபிளின் முனையிலும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தேன். வெயிலில் நன்றாகக் காயவிட்டேன். தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு ரப்பர் வாசரும் போட்டு, முன்பைவிட இறுக்கமாக முறுக்கினேன். சாயங்காலம் மாரிராஜ் கிரீஸ் டப்பாவோடு வந்தபோது, "அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன், நீ போ" என்று அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பிறகு காரை எடுத்தேனே தவிர, ஆம்ப்ளிஃபயரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நன்றாக ஓடுகிற சாமானை எதற்கு நோண்டுவது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. குருசடி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போக மனமில்லாத ஒரு நாற்பது பேர் நின்றார்கள். மாரிராஜும் வந்திருந்தான். ஜாய்சன் கைபேசியில் நேரம் வைத்தான். காரைக் கிளப்பி, பாட்டைப் போட்டேன். சத்தம் கடற்கரை வரைக்கும் போனது. வலை காய்ந்த இடத்திலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவதாசன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு காருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் சத்தம் கரகரத்தது. நான் முதலில் பாட்டில்தான் ஏதோ என்று நினைத்தேன். நாற்பதாவது நிமிடத்தில் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுகிற இன்ஜின் மட்டும் கேட்கிற அந்த அமைதியை எப்படிச் சொல்வேன்?

"நாப்பது நிமிசம்" என்றான் ஜாய்சன். "போன வருசத்துக்குப் பரவாயில்ல. எந்தக் கடையில எடுத்த பேட்டரி மாமா? ஓட்டப்பிடாரத்துல பழைய இரும்புக் கடையிலயா?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"ஏலே மாரிராஜ்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "செத்த பேட்டரியக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டியேலே. கள்ளப்பய. ஊரு முன்னால மூணு தலைமுறை மானத்த வாங்கிட்டியே. ஒன் சாமானெல்லாத்தையும் கழட்டு. இப்பமே கழட்டு."

அவன் முகம் கறுத்தது. ஆனால் நகரவில்லை.

"பத்து நிமிசம் தாங்க அண்ணாச்சி. பாத்துட்டுப் பொறவு நானே போயிருதேன்."

மீட்டரை எடுத்தான். முன் பேட்டரியில் வைத்தான். பதினாலு வோல்ட். பின் பேட்டரியில் வைத்தான். பத்தரை. "முன்னால பானை நிறையச் சோறு இருக்கு. பின்னால இருக்கவன் பட்டினி கெடக்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. கேபிளைத் தடவிக்கொண்டே வந்தான், அதுவும் நன்றாக இருந்தது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பின் பேட்டரியின் கறுப்பு முனையிலும், இன்னொன்றைக் கதவின் இரும்புக் கொக்கியிலும் வைத்தான். அப்படியே நின்றான். காருக்கு அடியில் படுத்தான்.

"அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் குனியுங்க."

பூசைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு மண்ணில் முழங்கால் போட்டேன். காய்ந்த பெயிண்ட் கருகிய வாடை அடித்தது.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான்."

"மேல மட்டுமா?"

"மேல மட்டும் அடிச்சா உள்ள துருப்பிடிக்காதா? கழட்டித்தான் அடிச்சேன். ரெண்டு கோட்டு. ரப்பர் வாசரும் போட்டிருக்கேன்."

இதைச் சொல்லும்போதுகூட எனக்கு ஒரு பெருமைதான் இருந்தது. மாரிராஜ் கண்ணை மூடித் திறந்தான்.

"அண்ணாச்சி, தோணியில ஒரு லைட்டுக்கு எத்தனை வயரு இழுப்பாங்க?"

"ரெண்டு. போக ஒண்ணு, வர ஒண்ணு."

"தோணி மரம். அதனால ரெண்டு. காருல ஒண்ணுதான் இழுப்போம். திரும்பி வர்ற வயரு இந்தக் காரோட இரும்புதான். நான் சுரண்டி வச்சது அதுக்கு வாசல். நீங்க அந்த வாசல்ல பெயிண்ட் அடிச்சு, ரப்பர் வச்சு அடைச்சிட்டிய. போல்ட்டு மரை வழியாக் கொஞ்சம் கொஞ்சம் கசிஞ்சிருக்கு, அவ்வளவுதான். தொட்டியில இருந்தது தீர்ந்ததும் பாட்டு நின்னுருச்சு."

எனக்கு விளங்கியது. ஒரு நொடியில் முழுவதும் விளங்கியது. முப்பத்தொரு வருடம் மரத்தின் மேல் நின்றவனுக்கு, இரும்பே கம்பியாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

மாரிராஜ் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் கால்களைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "போல்ட்டு லூசா இருந்துச்சுன்னு சொல்லிருதேன். முறுக்காம விட்டது நான்தான்னே இருக்கட்டும். எனக்கு இங்கன யாரு இருக்கா? ஒங்களுக்கு ஊருக்குள்ள ஒரு மரியாதை இருக்கு."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அந்தப் பேச்சு என் நாக்கில் இருந்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அதே நாக்குதான் இவனைக் கள்ளன் என்று சொன்னது. நாற்பது பேர் கேட்டார்கள். எங்கள் குடும்பம் சந்தியாகப்பருக்கு முன்னால் போகவேண்டும் என்று நான் கேட்கிறேன். அவருக்கு முன்னால், இன்னொருவன் தலையில் என் தப்பைக் கட்டிவிட்டு எப்படிப் போவது? அதைவிட ஜாய்சன் லாரி போகட்டும்.

எழுந்தேன். முழங்கால் உடனே எழவில்லை. காரைப் பிடித்து எழுந்தேன்.

"தேவதாசன், எல்லாரும் கேளுங்க. தப்பு மாரிராஜ் மேல இல்ல. அவன் சுரண்டி வச்ச இடத்துல துருப்பிடிக்குன்னு நான் பெயிண்ட் அடிச்சுப்போட்டேன். அதுதான் கரண்ட் போற பாதை, எனக்குத் தெரியல. அவனைக் கள்ளன்னு சொன்னதை இந்த இடத்துலயே திருப்பி எடுத்துக்கிடுதேன். நீங்க என்ன முடிவு சொன்னாலும் சரி."

ஜாய்சன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஆம்ப்ளிஃபயருக்கும் ரெண்டு கோட்டு அடிச்சிருக்கலாம்லா மாமா. துருவே பிடிக்காது."

கூட்டம் சிரித்தது. நான் இறுகிப்போய் நின்றேன். ஆனால் அந்தச் சிரிப்பு நான் பயந்த சிரிப்பாக இல்லை. நாற்காலியிலிருந்த ஒருவர், "எங்கப்பா சைக்கிள் செயினுக்கே பெயிண்ட் அடிச்சவருலா" என்றார். இன்னொருவர் தன் வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பற்றிச் சொன்னார். தேவதாசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "போன மாசம் கேஸ் அடுப்புக்கு அலுமினியப் பெயிண்ட் அடிச்சு வச்சேன். பத்தவச்சதும் வீடெல்லாம் புகை. மருமகள் இன்னும் என்கிட்ட பேசல" என்றார். அந்தக் கரையில் துருவுக்குப் பயப்படாதவன் ஒருவனும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பேன் என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது.

"நின்னா நின்னதுதான்னு பேசுனோம்" என்று ஜாய்சன் நினைவுபடுத்தினான். பேசியது அப்படித்தான், அவனைக் குறை சொல்ல முடியாது.

தேவதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேசுனோம். ஆனா வேலை சரியா, வண்டி தாங்குமான்னு பாக்கத்தான் இந்தச் சோதனை. வேலை சரியாத்தான் இருந்திருக்கு, மேல பூசுனதுதான் தப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு ஒருதடவை ஓட்டட்டும். ஒரே தடவை. ஜாய்சன், நீயே நின்னு நேரம் பாரு."

மாரிராஜ் என் பெயிண்டைச் சுரண்டி எடுத்தான். அவன் கேட்காமலே நான் உப்புத்தாளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அப்பினான். "இதுக்கு மேல ஒங்க இஷ்டத்துக்குப் பெயிண்ட் அடிங்க" என்றான். நான் அடிக்கவில்லை.

நாலு மணிக்கு ஆரம்பித்தது ஐந்தரை வரைக்கும் ஓடியது. ஜாய்சன் முழுநேரமும் பின்பக்கம் நின்றான். ஐந்தரை ஆனதும் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாரிராஜிடம் அந்த ஆல்டர்னேட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

திருவிழா அன்று மாரிராஜை முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். வரமாட்டேன் என்றான், வேறு சாமி என்றான். கரண்டுக்குச் சாதி சமயம் கிடையாது, உட்காருலே என்றேன். மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பின் சீட்டில் செபமாலை சொல்கிறவர். இருபுறமும் வீட்டு வாசல்களில் மெழுகுவர்த்தி. சப்பரத்தை நோக்கி நேர்ச்சையாக வீசிய உப்பும் மிளகும் காரின் மேலும் சடசடவென்று விழுந்தன. வழக்கமாக உப்பைத் துடைக்க நான் துணியோடு இறங்கிவிடுவேன். அன்று என் கண் மீட்டரைவிட்டு நகரவில்லை. பதிமூன்று புள்ளி ஒன்பது, பதிநான்கு, மறுபடி பதிமூன்று புள்ளி ஒன்பது. பாட்டு எவ்வளவு இடித்தாலும் எண் அதற்குக் கீழே இறங்கவில்லை. ஜாய்சன் வீட்டைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாசலில் நின்று எல்லோரையும் போலச் செபத்தின் பின்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தான். கார் கடந்தது.

சுற்றி வந்து சப்பரம் குருசடிக்குள் ஏறியது. மணி அடித்தது. மாரிராஜ் கையை நீட்டி ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். நாமாக அணைத்து நின்ற சத்தம். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பிலோமி கதவைத் திறந்தாள்.

"இன்னும் என்ன கல்யாண மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கிய? இறங்குங்க."

"முடியல" என்றேன்.

இரண்டு மணி நேரம் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாரிராஜ் ஒரு பக்கமும் தேவதாசன் ஒரு பக்கமும் பிடித்து என்னை வெளியே எடுத்தார்கள். ஊரே பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை.

"ஒங்க பல்லப் பாத்து ஒரு வருசமாச்சு" என்றாள் பிலோமி.